ஆஃப் என்றால் 375 மில்லி

கேள்வி: 'புட் ஆஃப்' என்றால் ஒத்திப்போடுவது என்று படித்தேன். எங்கள் மேனேஜர் தினமும் 'புட் ஆஃப் த லைட்' என்கிறார். விளக்கை எப்படி ஒத்திப்போடுவது?
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: ஆஃப் பற்றிப் போயும் போயும் புதுச்சேரிக்காரனிடமா கேட்பது? எங்கள் ஊரில் ஆஃப் என்றால் 375 மில்லி. உங்கள் ஊர்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்குவதும், திரும்பும்போது ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் பைக் சீட்டைத் தூக்கிக் காட்டுவதும் அதற்காகத்தான். மறுநாள் காலை டிபன் கடையில் ஆஃப் பாயில். எங்கள் பிழைதிருத்துபவர் இவற்றை 'ஹாஃப்' என்றுதான் அச்சிட வேண்டும் என்று பல வருஷமாக என்னோடு மல்லுக்கட்டுகிறார். கடையில் போய் 'ஹாஃப்' கேட்டுப் பார்க்கட்டும். "சார் வெளியூரா?" என்பார்கள்.

சரி, உங்கள் மேனேஜர். அவர் சொன்னதில் தப்பில்லை. விளக்கை அணைப்பதற்கும் புட் ஆஃப் உண்டு. இங்கிலாந்தில் இப்போது டர்ன் ஆஃப், ஸ்விட்ச் ஆஃப்தான் அதிகம். கருவாட்டு வாடையில் ஒருவருக்குச் சோறே இறங்காமல் போனால் அதுவும் புட் ஆஃப். பேட்ஸ்மேன் அடிக்கப் போகும் நேரம் பார்த்துக் கத்திக் கவனத்தைக் கலைத்தால் அதுவும். எனக்குப் பிடித்தது, கடன் கொடுத்தவரை "அடுத்த வாரம் பாக்கலாம்ணே" என்று பேசி அனுப்பிவைப்பது. அப்போது 'புட் ஹிம் ஆஃப்' என்று ஆளை நடுவில் வைக்க வேண்டும். 'புட் ஆஃப் ஹிம்' என்று எழுதினால் மார்க் போய்விடும். பயணத்தைத் தள்ளிப்போட்டால் 'புட் ஆஃப் கோயிங்'. 'டு கோ' ஆகாது.

பயணம் என்றதும் ரயில் ஞாபகம் வந்துவிட்டது. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு 1879-லேயே ரயில் வந்துவிட்டது. பக்கத்திலிருக்கும் கடலூருக்கு இன்னும் நேர்ப்பாதை இல்லை. ரயிலில்தான் வருவேன் என்று நீங்கள் அடம்பிடித்தால், விழுப்புரம் வரை போய், அங்கிருந்து மறுபடி கிழக்கே திரும்ப வேண்டும். சாலையில் வந்தால் சுமார் 25 கிலோமீட்டர்தான். சென்னையிலிருந்து மகாபலிபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூருக்குக் கடற்கரையோரமாக ரயில் பாதை என்று ஒரு திட்டம் காகிதத்தில் கிடக்கிறது. புட் ஆஃபுக்கு இதைவிட நல்ல உதாரணம் எந்த இலக்கணப் புத்தகத்திலும் கிடைக்காது. இதைப் பற்றி நான் எழுதும்போதெல்லாம் "அதான் பஸ் இருக்கே" என்று முதுநகரிலிருந்து ஒருவர் கார்டு போடுகிறார். அது நீங்கள்தானா?