பெயர் தெரியாத சின்ன கத்தோலிக்கக் கல்லூரி: மகளை அனுப்பலாமா?

கேள்வி: மகள் பிளஸ் டூ, பயாலஜி குரூப். அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில், ஆயிரத்துச் சொச்சம் பேர் மட்டும் படிக்கும் ஒரு கத்தோலிக்க லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. ஆண்டுக்கு மொத்தச் செலவு 62,000 டாலர். அதில் 26,000 டாலர் ஸ்காலர்ஷிப். நாங்கள் இந்துக்கள். தியாலஜி, ஃபிலாசஃபி எல்லாம் கட்டாயம் என்கிறார்கள். "அவ்வளவு தூரம் போய் ஆர்ட்ஸ் காலேஜா? பேரே கேள்விப்பட்டதில்லையே" என்கிறார் மைத்துனர். மகளுக்கு உயிரியல் பிடிக்கும், முடிந்தால் டாக்டராகவும் ஆசை. என்ன செய்யலாம்? (திண்டுக்கல் வாசகர்)

மைத்துனர் சொல்வதை முதலில் ஒதுக்கி வையுங்கள். பெயர் தெரியாதது ஒரு குறையே அல்ல. அமெரிக்காவில் இப்படிச் சின்னச் சின்ன கத்தோலிக்கக் கல்லூரிகள் நிறைய உண்டு. அந்தந்த மாநிலத்துக்கு வெளியே பலருக்கு அவற்றைத் தெரியாது. ஆர்ட்ஸ் என்று இருந்தாலும் இயற்பியல், வேதியியல், உயிரியல் எல்லாம் அங்கே உண்டு. நீங்கள் கேட்க வேண்டியது வேறு. நான்கு வருடத்தில் உங்கள் மகள் எந்தெந்த வகுப்புகளில் உட்காரப் போகிறாள், அவற்றை யார் எடுக்கப் போகிறார்கள்?

நம் ஊர் பி.எஸ்சி.யில் உயிரியல் சேர்ந்தால் பெரும்பாலும் உயிரியலும் அதன் துணைப்பாடங்களும்தான். அங்கே மேஜர் என்கிற முதன்மைப் பாடம் மொத்தப் படிப்பில் மூன்றில் ஒரு பங்கு. அறிவியல் மேஜர் என்றால் பாதிவரை போகும். மீதியில் பெரும்பகுதி எல்லோருக்கும் கட்டாயமான கோர் பாடங்கள்: தத்துவம், சமயம், வரலாறு, இலக்கியம், ஒரு வேற்றுமொழி. சின்ன கத்தோலிக்கக் கல்லூரிக்கு நீங்கள் கட்டும் பணம் முக்கியமாக அந்தக் கோர் பாடங்களுக்கும், ஆசிரியர் உங்கள் பிள்ளைக்கென்று ஒதுக்கும் நேரத்துக்கும்தான். மகளுக்கு அதில் ஆசை இருந்தால் போகலாம். உயிரியல் மட்டும் போதும், மற்றதெல்லாம் தலைவலி என்று நினைக்கிற பெண் என்றால் இவ்வளவு செலவு வீண். இதை அவளிடம்தான் கேட்க வேண்டும், நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள்.

கத்தோலிக்கக் கல்லூரி என்றால் எல்லாம் ஒரே மாதிரி என்று எண்ண வேண்டாம். மாசசூசெட்ஸ் மாநிலம் வூஸ்டரில் ஹோலி கிராஸ் கல்லூரி இருக்கிறது. இயேசு சபையினர் 1843இல் தொடங்கியது. (இதே சபையினர் அடுத்த ஆண்டே நாகப்பட்டினத்தில் தொடங்கியதுதான், பிறகு திருச்சிக்கு வந்த செயின்ட் ஜோசப் கல்லூரி.) ஹோலி கிராஸில் சுமார் 3,000 மாணவர்கள், இளங்கலை மட்டும்தான். பட்டத்துக்கு 32 பாடங்கள் முடிக்க வேண்டும். அவற்றைப் பல துறைகளில் பரப்பி எடுக்க வேண்டும். சமயத் துறையில் கிறிஸ்தவம் மட்டுமல்ல, இந்து, பௌத்த சமயங்கள் பற்றியும் பாடங்கள் உண்டு. வேதியியல், பொருளாதாரம், கணினி அறிவியல் என்று பிடித்த மேஜரை எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொரு கோடியில் இருப்பது கலிஃபோர்னியாவின் சான்டா பவுலா அருகே உள்ள தாமஸ் அக்வினாஸ் கல்லூரி. 1971இல் தொடங்கியது, 2019இல் மாசசூசெட்ஸின் நார்த்ஃபீல்டில் இரண்டாவது வளாகமும் திறந்தார்கள். அங்கே மேஜரே கிடையாது, விருப்பப் பாடமும் கிடையாது. எல்லோருக்கும் ஒரே பாடத்திட்டம், ஒரே பட்டம். பாடப்புத்தகத்துக்குப் பதில் மூலநூல்கள். கணித வகுப்பில் முதல் வருட மாணவர் எழுந்து போய், யூக்ளிடின் தேற்றத்தைக் கரும்பலகையில் நிரூபிக்க வேண்டும். மற்றவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து குறுக்குக் கேள்வி கேட்பார்கள். வானியலுக்கு டாலமி, கோப்பர்நிக்கஸ், கெப்ளர், இயக்கவியலுக்கு நியூட்டனே. கூடவே லத்தீன், தத்துவம், இறையியல். விரிவுரை ஆற்றும் பேராசிரியர் என்று யாரும் கிடையாது, விவாதத்தை வழிநடத்தும் ட்யூட்டர்கள்தான். எனக்கு மிகவும் பிடித்த பாடத்திட்டம் இது. ஆனால் உயிரியல் மேஜர் வேண்டும் என்று வருகிறவரை அங்கே அனுப்ப மாட்டேன்.

உங்கள் மகளுக்கு இடம் கிடைத்த கல்லூரி இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். எங்கே என்று தெரிந்துகொள்ள விளம்பரப் புத்தகத்தை விட்டுவிட்டு, இணையதளத்தில் அகடமிக் கேட்டலாக் என்ற ஆவணத்தைத் திறக்கச் சொல்லுங்கள். இருநூறு, முந்நூறு பக்கம் இருக்கும். கோர் பாடங்களின் பட்டியல், உயிரியல் துறை, இந்த இரண்டு பகுதியும் போதும்.

சமயப் பாடத்தைப் பற்றிய பயத்தை அங்கேயே தீர்த்துக்கொள்ளலாம். நம் ஊர் கத்தோலிக்கக் கல்லூரிகளில் கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்குப் போவார்கள், மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு. அங்கே அந்தப் பிரிவினை பொதுவாக இல்லை. எல்லோரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து ஆதியாகமத்தையோ அகஸ்டீனையோ படித்துக் கட்டுரை எழுத வேண்டும். மதிப்பெண் நம்பிக்கைக்கு அல்ல, வாதத்துக்கு. பூசைக்கு வா என்று கட்டாயப்படுத்துவதும் பொதுவாகக் கிடையாது. ஆனாலும் எத்தனை சமயப் பாடம், எத்தனை தத்துவப் பாடம் என்று எண்ணிப் பாருங்கள். சில இடங்களில் ஒவ்வொன்று, சில இடங்களில் மும்மூன்று. கத்தோலிக்க அடையாளத்தை இறுக்கமாகப் பிடித்திருக்கும் கல்லூரிகளில் விடுதி விதிகளும் கடுமையாக இருக்கும்; தாமஸ் அக்வினாஸில் ஆண் பெண் விடுதிகள் தனித்தனி, வகுப்புக்கு உடை விதியும் உண்டு. இதைக் கேட்டதும் அப்பாக்கள் சந்தோஷப்படுவார்கள். அங்கே நான்கு வருடம் இருக்கப் போவது மகள், அவளையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இப்போது உயிரியல் துறை. இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கேட்டலாக்கில் மரபியல், நோயெதிர்ப்பியல், நரம்பியல், கடல் உயிரியல் என்று முப்பது பாடம் வரிசையாக இருக்கும். சில ஓட்டல்களின் போர்டில் இருபது அயிட்டம் எழுதியிருப்பார்கள், கேட்டால் இட்லியும் தோசையும்தான் இருக்கும், அது மாதிரித்தான். ஆயிரம் பேர் படிக்கும் கல்லூரியில் உயிரியல் துறைக்கு ஐந்தாறு நிரந்தர ஆசிரியர்கள் இருந்தாலே பெரிய விஷயம். அவர்களால் வருடத்துக்கு எத்தனை மேல்நிலைப் பாடம் எடுக்க முடியும்? எனவே கடந்த நான்கு செமஸ்டர்களில் உண்மையில் நடந்த வகுப்புகளின் அட்டவணையை எடுத்து, கேட்டலாக்கோடு பொருத்திப் பாருங்கள். பெரும்பாலும் அது இணையத்திலேயே கிடைக்கும், இல்லாவிட்டால் பதிவாளர் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்கலாம். நான்கு செமஸ்டரில் ஒருமுறைகூட நடக்காத பாடத்தை இல்லை என்றே கணக்கில் வையுங்கள். சில பாடங்களின் கீழே "ஒரு வருடம் விட்டு ஒரு வருடம்" என்று போட்டிருப்பார்கள். அது நேர்மையான கல்லூரியின் அடையாளம்.

ஆசிரியர் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் இருப்பதையும் பாருங்கள். புரொஃபசர், அசோசியேட், அசிஸ்டென்ட் என்று இருந்தால் பெரும்பாலும் நிலைத்திருப்பவர்கள். விசிட்டிங், அட்ஜங்க்ட் என்றால் அடுத்த வருடம் இருப்பார்களா என்பது நிச்சயமில்லை. உங்கள் மகளுக்குச் சிபாரிசுக் கடிதம் எழுத வேண்டிய நேரத்தில் அவர் வேறு ஊரில் இருப்பார். அப்புறம், துறையில் ஒருவருக்கு மகளையே மின்னஞ்சல் அனுப்பச் சொல்லுங்கள்: "உங்கள் ஆய்வகத்தில் இப்போது எத்தனை இளங்கலை மாணவர்கள் வேலை செய்கிறார்கள், என்ன செய்கிறார்கள்?" சின்ன கல்லூரியின் பெரிய பலமே இதுதான். பெரிய பல்கலைக்கழகத்தில் ஆய்வக வேலை முதலில் முனைவர் பட்ட மாணவர்களுக்குப் போகும். இங்கே அவர்கள் இல்லாததால், பத்தொன்பது வயதுப் பெண் நேரடியாகப் பேராசிரியரோடு உட்கார்ந்து பரிசோதனை செய்யலாம். ஒரு வாரத்தில் விவரமான பதில் வந்தால் நல்ல சகுனம். பதிலே வராவிட்டால், சின்ன கல்லூரி என்பதற்காகக் கூடுதல் பணம் கட்ட என்ன காரணம் இருக்கிறது?

டாக்டர் ஆசையைப் பற்றிச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். அங்கே ப்ரீ-மெட் என்பது தனிப் பட்டம் அல்ல. உயிரியல், வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல், உயிர்வேதியியல் என்று மருத்துவக் கல்லூரிகள் கேட்கும் பாடங்களை எடுத்து, எம்கேட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வு எழுதித் தயாராவதுதான். ஆனால் வெளிநாட்டு மாணவர்களை எடுக்கும் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் குறைவு. எடுப்பவையும் மிகச் சிலரையே எடுக்கின்றன, பெரும் பணத்தை முன்கூட்டியே காட்டச் சொல்பவையும் உண்டு. இந்தியாவில் எம்.பி.பி.எஸ். என்றால் எப்படியும் நீட் எழுதித்தான் ஆக வேண்டும், அமெரிக்க பி.ஏ. அதற்குக் குறுக்கு வழி ஆகாது. ஆக, மருத்துவம்தான் லட்சியம் என்றால் இந்தக் கல்லூரி வேண்டாம். உயிரியல் ஆராய்ச்சி என்றால் கதை வேறு. அமெரிக்காவில் அறிவியல் முனைவர் பட்டத்துக்குப் பெரும்பாலும் கட்டணத்தைப் பல்கலைக்கழகமே ஏற்று, உதவித்தொகையும் தருகிறார்கள்; அதற்கு நல்ல ஆய்வக அனுபவமும் நல்ல சிபாரிசுக் கடிதமும்தான் சாவி.

பட்டம் பி.ஏ.வா பி.எஸ்.ஸா என்று பலர் கவலைப்படுகிறார்கள். வேலை அனுமதிக்கு அது முக்கியமல்ல. மாணவர் விசாவுக்காகக் கல்லூரி தரும் ஐ-20 படிவத்தில் மேஜருக்குப் பக்கத்தில் ஓர் ஆறு இலக்க எண் இருக்கும். பொது உயிரியல் என்றால் 26.0101. அந்த எண் அரசின் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இருந்தால், படிப்பு முடிந்து கிடைக்கும் 12 மாத வேலை அனுமதியை மேலும் 24 மாதம் நீட்டிக்க விண்ணப்பிக்கலாம். உயிரியல் அந்தப் பட்டியலில் இருக்கிறது. மகள் நடுவில் மேஜர் மாற்றினால் மறுபடி பாருங்கள்: பொதுப் பொருளாதாரத்தின் எண் பட்டியலில் இல்லை, கணித வழிப் பொருளாதாரத்தின் எண் இருக்கிறது. எந்த எண்ணைப் பதிவது என்பது கல்லூரியின் கையில்.

பணத்துக்கு வருவோம். ஸ்காலர்ஷிப் என்றதும் பெருமைப்படுகிறோம், பெருமைப்படலாம்தான். ஆனால் அமெரிக்கத் தனியார் கல்லூரிகள் முதலாண்டு மாணவர்களுக்குச் சராசரியாகப் பாதிக்கு மேல் கட்டணத் தள்ளுபடி தருகின்றன. உங்களுக்குத் தந்ததும் அந்தத் தள்ளுபடிதான். கொஞ்சம் கூட்டித் தர முடியுமா என்று கேட்பதில் தப்பே இல்லை, மரியாதையாக எழுதிக் கேளுங்கள். வெளிநாட்டு மாணவர்களுக்கு அமெரிக்க அரசின் உதவித்தொகை கிடையாது என்பதால் கல்லூரி தருவதுதான் எல்லாம். ஆண்டுக்கு 36,000, நான்கு வருடத்துக்கு 1,44,000 டாலர் என்று கணக்குப் போட்டிருப்பீர்கள். செலவு வருடத்துக்கு 4 சதவீதம் ஏறி, ஸ்காலர்ஷிப் 26,000இலேயே நின்றால் அது 1,59,000ஐத் தாண்டிவிடும். விமான டிக்கெட்டெல்லாம் சேர்த்தால் ஒன்றரைக் கோடி ரூபாய் பக்கம். எந்த ஜி.பி.ஏ.வுக்குக் (சராசரி மதிப்பெண்) கீழே போனால் ஸ்காலர்ஷிப் நிற்கும் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, கல்லூரி நான்கு வருடம் இருக்குமா? விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மில்வாக்கியின் கார்டினல் ஸ்ட்ரிச் பல்கலைக்கழகம் 2023 ஏப்ரலில் அறிவித்து, மே மாதத்தோடு மூடியது. 2024இல் ஃபிலடெல்ஃபியா அருகே கப்ரீனி, ஆல்பனியில் 1920இல் தொடங்கிய செயிண்ட் ரோஸ் இரண்டும் மூடின. மூன்றுமே கத்தோலிக்க நிறுவனங்கள். மூடாமலே துறைகளைக் குறைப்பதும் உண்டு: வர்ஜீனியாவின் மேரிமவுண்ட் பல்கலைக்கழகம் 2023இல் நீக்க முடிவெடுத்த மேஜர்களில் கணிதம், ஆங்கிலம் மட்டுமல்ல, இறையியலும் இருந்தது.

எனவே அமெரிக்கக் கல்வித் துறை வெளியிடும் நிதிப் பொறுப்பு மதிப்பெண்ணைத் தேடிப் பாருங்கள். மைனஸ் 1 முதல் 3 வரை போகும், 1.5 அல்லது அதற்கு மேல் என்றால் தேர்ச்சி. ஒரு வருட எண்ணை நம்ப வேண்டாம், நான்கைந்து வருடப் போக்கைப் பாருங்கள். அதோடு முதலாண்டு மாணவர் எண்ணிக்கை வருடா வருடம் சரிகிறதா என்பதும் தெரிய வேண்டும். கல்லூரியின் பெயரைப் போட்டு அரசின் காலேஜ் நேவிகேட்டர் தளத்தில் தேடினால் மாணவர் எண்ணிக்கை, எத்தனை சதவீதம் பேர் பட்டம் முடிக்கிறார்கள் என்பதெல்லாம் வரும். கல்லூரி நடுவில் மூடினால் மாணவர் விசாவில் இருப்பவருக்கு உள்ளூர்ப் பிள்ளைகளைவிடச் சிக்கல் அதிகம். உடனே வேறு கல்லூரிக்குப் பதிவை மாற்றியாக வேண்டும்.

சென்னையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் விசா அதிகாரி "ஏன் இந்தக் கல்லூரி?" என்று கேட்பது வழக்கம். மேலே சொன்னவற்றை மகளே செய்திருந்தால் பதில் அவள் வாயில் தானாக வரும். கன்சல்டன்சி எழுதிக் கொடுத்த பதிலை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள்.

முன்பணம் கட்டக் கடைசி நாள் பெரும்பாலும் மே 1. கட்டினால் பொதுவாகத் திரும்ப வராது. அட்டவணையும் பேராசிரியரின் பதிலும் அதற்குள் கைக்கு வராவிட்டால், இரண்டு வாரம் அவகாசம் கேட்டு அட்மிஷன் அலுவலகத்துக்கு எழுதுங்கள். சின்ன கல்லூரிகள் பெரும்பாலும் கொடுத்துவிடும்.