மூழ்கிய கப்பலில் எடுத்த பொருளை என்ன செய்வது?

வணக்கம். இங்கிலாந்தின் கென்ட் கடலில் டைவிங் போன நண்பர், மூழ்கிய கப்பலிலிருந்து எடுத்த இரும்புப் பீரங்கிக் குண்டை உங்கள் கராஜில் வைத்திருக்கிறார், நீங்களும் மாட்டுவீர்களா என்று கேட்டிருந்தீர்கள். மாட்ட வாய்ப்பு உண்டு. பிரிட்டனின் 1995 வணிகக் கப்பல் சட்டப்படி, கண்டெடுத்தவர் மட்டுமல்ல, பொருளைத் தன் வசம் எடுத்துக்கொண்டவரும் 'ரிசீவர் ஆஃப் ரெக்' என்ற, மூழ்கிய கப்பல் பொருட்களைக் கவனிக்கும் அரசு அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். கெடு 28 நாள். அதற்குள் சொன்னால் மீட்டவருக்குச் சன்மானமும் கிடைக்கலாம். சொல்லாமல் விட்டால் அந்த உரிமை போய்விடும், அபராதமும் வரும். கென்ட் கடலில் எடுத்ததை மறைத்த இரண்டு டைவர்கள் 2014இல் தண்டிக்கப்பட்டார்கள்.

எந்தக் கப்பல் என்று முதலில் கேளுங்கள். கென்ட் கரையை ஒட்டிய குட்வின் மணல்திட்டில் 1703 புயலில் மூழ்கிய 'ஸ்டர்லிங் காசில்' போன்ற கப்பல்கள், மூழ்கிய கப்பல்களைக் காக்கும் 1973 சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. அங்கே உரிமம் இல்லாமல் இறங்கியதே தனிக் குற்றம். அப்படியென்றால் வழக்கறிஞரைப் பார்த்துவிட்டு அலுவலகத்திடம் பேசுவது நல்லது.

அப்புறம், குண்டைத் தேய்த்துக் கழுவி ஷோகேஸில் வைக்கும் ஆசை வேண்டாம். இரும்புக்குள் ஊறிய உப்பு, காய்ந்ததும் வேலையைக் காட்டும். குண்டு விரிசல் விட்டுச் செதில் செதிலாக உதிரும். இப்போதைக்கு ஒரு வாளித் தண்ணீரில் மூழ்கவைத்து மூடி வையுங்கள். ஆனால் அதில் துளையோ அடைப்போ தெரிந்தால் உள்ளே வெடிமருந்து இருக்கலாம்: தொடாமல் விலகி நின்று போலீஸைக் கூப்பிடுங்கள். பயந்துபோய்க் கடலில் திரும்பப் போட்டுவிடாதீர்கள், எடுத்த குற்றம் அதனால் அழியாது.