கம்பளி அறுகிறது, பட்டு இழுபடவில்லை: வீட்டுத் தக்ளியில் இரண்டையும் நூற்பது எப்படி?

குன்னூரிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "8 மில்லிமீட்டர் கனமுள்ள மரக்குச்சியில் இரண்டு பழைய சி.டி.க்களைச் செருகி, சுழற்றி நூல் நூற்கும் தக்ளி செய்திருக்கிறேன். நீலகிரி ஆட்டின் கம்பளியை அதில் நூற்றால் ஒரு முழம் வருவதற்குள் அறுந்து விழுகிறது. தருமபுரியிலிருந்து வாங்கி வந்த துளைக்கூடுகளை, அதாவது அந்துப்பூச்சி துளைத்து வெளியேறிய பட்டுக்கூடுகளை, ஒரு மணி நேரம் வெந்நீரில் கொதிக்கவைத்தேன். பட்டோ இழுபடவே மறுக்கிறது. பிழை கருவியிலா, என் கையிலா?"

கருவியில் திருத்த வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. ஆனால் முக்கியமான பிழை, ஒன்றுக்கொன்று எதிரான குணமுள்ள இரண்டு இழைகளை ஒரே விதமாகக் கையாண்டதில்தான் இருக்கிறது. முறுக்கு ஏற ஏற இழைகள் ஒன்றையொன்று நெருக்கிப் பிடித்துக்கொள்வதால்தான் நூல் நிற்கிறது. கம்பளி இழை சில அங்குல நீளமே உடையது. எனினும் அதன் சுருளும், மேற்பரப்பில் உள்ள செதில் போன்ற அடுக்குகளும் அடுத்த இழையைப் பற்றிக்கொள்ள உதவுகின்றன. பட்டு வழுவழுப்பானது, அதன் பலம் நீளத்தில் இருக்கிறது. முழுக் கூடு ஒன்றில் உள்ளது பல நூறு மீட்டர் நீளும் ஒற்றை இழை. அந்துப்பூச்சி துளைத்து வெளியேறிய கூட்டில் அந்தத் தொடர்ச்சி கெட்டுவிடுவதால் அதை ஒரே இழையாகச் சுற்றி எடுக்க முடியாது, நூற்கத்தான் வேண்டும். ஆயினும் அதில் எஞ்சும் இழைகள் கம்பளியைக் காட்டிலும் மிக நீளமானவை.

முதலில் கம்பளி. அறுந்த முனையைக் கூர்ந்து பாருங்கள். முனை மெலிந்து பஞ்சுபோல் பிரிந்திருந்தால் இழைகள் அறுபடவில்லை, வழுக்கி விலகியிருக்கின்றன. முறுக்குப் போதவில்லை என்று பொருள். தொடக்கத்தில் ஏறக்குறைய எல்லோருக்கும் நேர்வது இதுதான்: தக்ளி சுழன்று ஓய்ந்து, நாம் கவனிக்காத ஒரு நொடியில் எதிர்த்திசையில் சுழலத் தொடங்கி, ஏறிய முறுக்கையெல்லாம் அவிழ்த்துவிடுகிறது. ஆகவே சில நாட்களுக்குச் சுழற்றுவதையும் இழுப்பதையும் பிரித்தே செய்யுங்கள். தக்ளியை வலஞ்சுழியாகச் சுழற்றி நூலில் முறுக்கை நிரப்பிக்கொண்டு, அது திரும்பிச் சுழலும் முன் முழங்கால்களுக்கு இடையில் இடுக்கி நிறுத்திவிட்டு, தேங்கியிருக்கும் முறுக்கை இழைக்குள் சிறிது சிறிதாக விட்டபடி நிதானமாக இழுங்கள். மாறாக, அறுந்த முனை மழுங்கலாக, வெட்டியதுபோல் இருந்தால் கம்பளியே நலிந்தது. ஒரு கற்றையை இரு கைகளிலும் பிடித்துக் காதருகே வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். கிழிபடும் ஓசை கேட்டால் அந்தக் கம்பளி நூலுக்கு ஆகாது.

எடையும் ஒரு காரணம். ஒரு சி.டி. சுமார் 15 கிராம் இருக்கும். இரண்டும் குச்சியும் கொக்கியும் சேர்ந்தால் 40 கிராமைத் தாண்டும். தடித்த நூலுக்கு அது பொருந்தும். மெல்லிய நூலை அந்தப் பாரமே இழுத்துப் பிரித்துவிடும். ஒரு தகட்டைக் கழற்றிவிடுங்கள். தகட்டின் துளை 15 மில்லிமீட்டர் என்பதால் குச்சியில் சைக்கிள் ட்யூப் துண்டைச் சுற்றி இறுக்கமாகச் செருக வேண்டும். பம்பரம் தள்ளாடினால் சீக்கிரம் விழுவதுபோல, தட்டு சாய்ந்திருக்கும் தக்ளியும் விரைவில் ஓய்ந்துவிடும். குச்சியின் மேல்முனைக் கொக்கி நட்ட நடுவில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

உங்கள் கையில் இருப்பது அருமையான கம்பளி என்பதையும் சொல்ல வேண்டும். உள்ளூர் ஆடுகளுடன் மெரினோ, செவியட் போன்ற அயல்நாட்டு இனங்களைக் கலந்ததால் உருவான நீலகிரி ஆடு, தென்னிந்தியாவில் மென்மையான கம்பளிக்குப் பெயர்பெற்ற இனம். அதைத் துணி துவைப்பதுபோல் அலசிக் கெடுத்துவிடாதீர்கள். கை பொறுக்காத சூடுள்ள நீரில், ஏறத்தாழ 60 டிகிரியில், பாத்திரம் கழுவும் திரவம் சிறிது கலந்து, கம்பளியை மெல்ல அமிழ்த்தி, கிளறாமல் கால் மணி நேரம் விட்டுவிட்டு, அதே சூடுள்ள வேறு நீருக்கு மாற்றுங்கள். சூட்டோடு உராய்வும் சேர்ந்தால் செதில்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு கம்பளி பிரிக்க முடியாதபடி கட்டிப்பட்டு நமுதாகிவிடும். காய்ந்த பிறகு, நாய்க்குச் சீவும் கம்பிப் பிரஷ்கள் இரண்டு இருந்தால் அவையே சிக்கெடுக்கும் சீப்பாகப் பயன்படும்.

இனி பட்டு. கூட்டின் எடையில் ஏறத்தாழக் கால் பங்கு செரிசின் என்னும் கோந்து. அதைச் சரியாகக் கரைக்க வெறும் வெந்நீர் போதாது. கூடுகளை ஒரு மெல்லிய துணிப்பையில் கட்டி, அவற்றின் எடையில் கால் பங்கு அளவுக்குத் துருவிய சோப்பை நிறைய நீரில் கரைத்து, கொதிநிலைக்குச் சற்றுக் கீழே ஒன்றரை மணி நேரம் வைத்திருங்கள். எவர்சில்வர் பாத்திரமே நல்லது. அதைப் பிறகு சமையலுக்குப் பயன்படுத்த வேண்டாம். காஸ்டிக் சோடாவும் பிளீச்சிங் பவுடரும் அருகிலேயே வரக்கூடாது. அவை பட்டையும் கம்பளியையும் ஒருசேர அரித்துவிடும். நன்றாக அலசியபின், நான்கு மூலைகளிலும் ஆணி அடித்த ஒரு சாண் அகலச் சட்டத்தில், ஈரக்கூட்டை உள்ளிருக்கும் கசடை நீக்கி விரித்து மாட்டுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாகப் பத்துக் கூடுகள் வரை மாட்டிக் காயவைத்தால் கைக்குட்டை போன்ற பட்டு விரிப்பு கிடைக்கும். ஜப்பானில் இதை மவாத்தா என்பார்கள்.

அதிலிருந்து ஒரு மெல்லிய அடுக்கை உரித்து, நடுவில் விரலால் துளையிட்டு, வளையமாக அகட்டி, கயிறுபோல் நீட்டுங்கள். இங்கேதான் உங்கள் கேள்விக்கான விடை இருக்கிறது. கம்பளிக்குப் பழகிய கைகள் மூன்று நான்கு அங்குல இடைவெளியில் பிடிக்கின்றன; அந்த இடைவெளியில் பட்டை இழுத்தால் ஒரே இழையின் இரு இடங்களை இரு கைகளும் பிடித்துக்கொண்டிருக்கும்; எவ்வளவு பலம் இருந்தாலும் அது நகராது. கைகளை ஓர் அடி தள்ளிப் பிடியுங்கள், வழுக்கிக்கொண்டு வரும். விரலில் சொரசொரப்பு இருந்தால் பட்டு மாட்டிக்கொள்ளும். சிறிது எண்ணெயும் சர்க்கரையும் தேய்த்துக் கழுவிவிட்டு உட்காருங்கள்.

பட்டுக்கு 15 முதல் 20 கிராம் எடையுள்ள சிறு தக்ளி ஒன்றைத் தனியே செய்துகொள்வது நல்லது. மூங்கில் குச்சியில் சுட்ட களிமண் வட்டு ஒன்றைச் செருகினால் போதும். மிக மெல்லிய நூல் வேண்டுமானால் அதைத் தொங்கவிடாமல் கொட்டாங்கச்சியின் குழிவில் நிறுத்திச் சுழற்றுங்கள். பாரம் நூலின் மீது இறங்காது. ஒருபக்கம் திறந்த கூடு கட்டும் ‘எரி’ என்னும் வகைப் புழுவின் பட்டை அஸ்ஸாம் பெண்கள் காலங்காலமாகக் கைத்தக்ளியில்தான் நூற்று வந்திருக்கிறார்கள் என்பதால், இதைக் குறைவான கருவி என்று எண்ண வேண்டியதில்லை.

இரண்டையும் கலந்து நூற்க விரும்பினால், பட்டைக் கம்பளி இழையின் நீளத்துக்கு, அதாவது மூன்று நான்கு அங்குலத்துக்கு, வெட்டிய பிறகே கம்பிப் பிரஷில் சேர்த்துச் சீவுங்கள். நீளமாக விட்டால் முடிச்சு முடிச்சாகத் திரண்டுவிடும். நூற்ற இரண்டு நூல்களைச் சேர்த்து இடஞ்சுழியாக முறுக்கி, சிட்டமாக, அதாவது பெரிய வளையமாக, சுற்றி, வெதுவெதுப்பான நீரில் நனைத்து நிழலில் தொங்கவிடுங்கள். சிட்டம் திருகிக்கொள்ளாமல் நேராகத் தொங்கினால் இரு முறுக்குகளும் சமமாக அமைந்திருக்கின்றன; ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டால், அடுத்த சிட்டத்தில் சேர்ப்பு முறுக்கைக் கூட்டியோ குறைத்தோ பாருங்கள்.