மோட்டார் ஓடினால் போர்டு ஏன் ரீசெட் ஆகிறது?

கே: எலக்ட்ரானிக்ஸ் படித்ததில்லை, புரோகிராமிங்கும் வராது. ஆனால் ரோபோ என்றால் அப்படியொரு பைத்தியம். இதில் இறங்கலாமா?

ப: தாராளமாக. 1940-களின் கடைசியில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் கிரே வால்டர் என்ற நரம்பியல் ஆய்வாளர் எல்மர், எல்சி என்று இரண்டு ஆமை ரோபோக்கள் செய்தார். புரோகிராம் என்று எதுவும் கிடையாது. ஒவ்வொன்றிலும் இரண்டு வால்வு (டிரான்சிஸ்டருக்கு முன்பிருந்த கண்ணாடி எலக்ட்ரானிக் குழாய்), இரண்டு மோட்டார், வெளிச்சத்தை உணர ஒரு சென்சார், முட்டினால் தெரிய இன்னொன்று, அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டே அவை வெளிச்சத்தைத் தேடிப் போயின, தடை வந்தால் சுற்றிக்கொண்டு போயின, பேட்டரி இறங்கினால் தங்கள் கூண்டுக்குத் திரும்பின. எனக்கு இதை எத்தனை முறை படித்தாலும் சிலிர்க்கும்.

நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள். இரண்டு எல்.டி.ஆர். (வெளிச்சம் பட்டால் ரெசிஸ்டன்ஸ் குறையும் சென்சார்), இரண்டு டிரான்சிஸ்டர் (சிறு சிக்னலால் பெரிய கரண்டைக் கட்டுப்படுத்தும் பாகம்), இரண்டு சின்ன மோட்டார் போதும். வலப்பக்க எல்.டி.ஆர். இடப்பக்க மோட்டாரையும், இடப்பக்கத்தது வலப்பக்க மோட்டாரையும் ஓட்டட்டும். வண்டி டார்ச் வெளிச்சத்தைத் துரத்திக்கொண்டு வரும். ஒயரை மாற்றி அந்தந்தப் பக்கத்துக்கே கொடுத்துப் பாருங்கள், வெளிச்சத்தைக் கண்டாலே விலகி ஓடும். புரோகிராமிங் அப்புறம் தானாக வரும்.

கே: என் இரண்டு சக்கர வண்டியில் மோட்டார் ஓடத் தொடங்கியதும் ஆர்டுயினோ (புரோகிராம் ஏற்றி ஓட்டும் சின்ன கன்ட்ரோல் போர்டு) ரீசெட் ஆகிறது. புது போர்டு மாற்றியும் அதே கதை.

ப: போர்டின் மேல் தப்பே இல்லை. சுழலும் மோட்டார் தானே ஒரு எதிர் வோல்டேஜை உண்டாக்கி, தனக்குள் பாயும் கரண்டைக் கட்டுப்படுத்திக்கொள்ளும். நின்றிருக்கும் மோட்டாரில் அது இல்லை, தடுப்பதற்கு இருப்பது காயிலின் (உள்ளிருக்கும் கம்பிச் சுருளின்) ரெசிஸ்டன்ஸ் மட்டும்தான்; 2 ஓம் காயிலுக்கு 6 வோல்ட் கொடுத்தால் அந்தக் கணத்தில் 3 ஆம்பியர் இழுக்கும். பேட்டரி அதைத் தாங்காமல் வோல்டேஜ் சரியும், சிப் தன் பாதுகாப்புக்காகத் தானே ரீசெட் ஆகிவிடும். முன்னே போய்க்கொண்டிருக்கும் வண்டியைச் சட்டென்று பின்னே திருப்பினால் இன்னும் மோசம், அப்போது அந்த எதிர் வோல்டேஜ் பேட்டரியோடு சேர்ந்துகொள்ளும்.

மோட்டாருக்குத் தனி பேட்டரி கொடுங்கள், ஆனால் இரண்டு கிரவுண்டையும் (மைனஸ் முனைகளையும்) கண்டிப்பாக இணையுங்கள். இதை விட்டுவிட்டு டிரைவர் (போர்டின் சிக்னலுக்கேற்ப மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் சர்க்யூட்) கெட்டுவிட்டது என்று தூக்கிப்போடுபவர்கள் நிறைய. டிரைவரின் பவர் முனையில் 470 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் (மின்சாரத்தைச் சேர்த்துவைத்துத் தரும் பாகம்) ஒன்று, மோட்டாரின் இரு முனைக்கும் குறுக்கே 100 நானோஃபாரட் ஒன்று. புரோகிராமில் வேகத்தைப் படிப்படியாக ஏற்றுங்கள். அந்தச் சதுரமான 9 வோல்ட் பேட்டரியை மோட்டார் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

கே: மல்டிமீட்டரா, ஆசிலாஸ்கோப்பா, எதை முதலில் வாங்கலாம்?

ப: மல்டிமீட்டர், அதாவது வோல்டேஜ், கரண்டை எண்ணில் காட்டும் கருவி. ஆனால் மேலே சொன்ன கணநேரச் சரிவை அது காட்டாது, வோல்டேஜ் மாறுவதைத் திரையில் கோடாக வரையும் ஆசிலாஸ்கோப் காட்டும். அதில் ஒரு சர்வோவின் (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் மோட்டாரின்) சிக்னலைப் பாருங்கள்: 20 மில்லி செகண்டுக்கு ஒருமுறை ஒரு பல்ஸ் (கணநேர வோல்டேஜ் துடிப்பு), அது 1.5 மில்லி செகண்ட் இருந்தால் சர்வோ நடுவில் நிற்கும், பல்ஸ் அகலமாக அகலமாக சர்வோவின் கை ஒரு பக்கமாகத் திரும்பும். திரையில் கோடு நகர்வதையும் மேஜையில் கை நகர்வதையும் ஒருசேரப் பார்த்துவிட்டால் இந்த ஆர்வம் உங்களை விடாது. கைமாறிய பழைய ஸ்கோப் கிடைத்தாலும் வாங்குங்கள், இரண்டு சேனல் (ஒரே நேரத்தில் இரண்டு சிக்னல் பார்க்க) இருந்தால் போதும்.