மலையிலிருந்து எழும்பூருக்கு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: கோத்தகிரியைச் சேர்ந்த நாங்கள் நால்வரும் வரலாறு பயிலும் கல்லூரி மாணவியர். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தைப் பார்க்க விரும்புகிறோம். தலைக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் வீட்டில் தர மாட்டார்கள். விடுதியில் தங்காமல் போய்வர இயலுமா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: தாராளமாக இயலும். மேட்டுப்பாளையத்திலிருந்து இரவு ஒன்பது மணியையொட்டிப் புறப்படும் நீலகிரி எக்ஸ்பிரஸ் மறுநாள் விடியற்காலையில் சென்னை சென்ட்ரலை அடைகிறது. அன்றிரவே ஏறக்குறைய அதே நேரத்தில் அங்கிருந்து திரும்பவும் புறப்படுகிறது. இரண்டு இரவுகளும் ரயிலிலேயே கழிந்துவிடுவதால் அறை வாடகை என்ற பேச்சுக்கே இடமில்லை. ஸ்லீப்பர் வகுப்பின் இருவழிக் கட்டணம் உங்கள் ஆயிரத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் அதன்பின் பெரிய செலவு எதுவும் இல்லை.

சென்ட்ரலில் பொருள் காப்பறையில் பைகளை ஒப்படைத்துவிடுங்கள். பூட்டில்லாத பையை அங்கே ஏற்க மாட்டார்கள் என்பதால் சிறு பூட்டொன்றை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள். எதிரே உள்ள பூங்கா நிலையத்தில் புறநகர் மின்ரயில் ஏறினால் அடுத்த நிறுத்தமே எழும்பூர். அங்கிருந்து அருங்காட்சியகம் இருக்கும் பாந்தியன் சாலைக்கு நடந்தே போகலாம். பேருந்தில் செல்வதானால், சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை. உணவுக்கு 2013-இல் தொடங்கப்பட்ட அம்மா உணவகங்கள் இருக்கின்றன. இட்லி ஒரு ரூபாய்க்கும் சாம்பார் சாதம் ஐந்து ரூபாய்க்கும் கிடைக்கும் இடத்தில் சாப்பிடுவதற்கு எந்த மாணவரும் கூச்சப்பட வேண்டியதில்லை. நான் மகிழ்ச்சியோடு சாப்பிட்டிருக்கிறேன்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. மற்ற அரசு அலுவலகங்களைப் போல ஞாயிறுதான் மூடியிருக்கும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டு, இளமையில் ஒரு வெள்ளிக்கிழமை பூட்டிய வாயிலைப் பார்த்துத் திரும்பியவன் நான். நீங்கள் வெள்ளி இரவு மலையிறங்கிச் சனிக்கிழமை பார்த்துவிட்டு ஞாயிறு காலை வீடு திரும்பினால் வகுப்பும் தவறாது. ஸ்வெட்டரை மேட்டுப்பாளையத்திலேயே மடித்துப் பைக்குள் வைத்துவிடலாம். திரும்பி வரும்போதுதான் அது தேவைப்படும்.

கேள்வி: ஒரே பகலில் அருங்காட்சியகம் முழுவதையும் பார்த்து முடிக்க என்ன வரிசையில் செல்ல வேண்டும்?
– வாசகர், குன்னூர்

பதில்: முழுவதையும் பார்க்க வேண்டாம் என்பதே என் பதில். 1851-இல் தொடங்கப்பட்ட அந்த வளாகத்தில் பல கட்டடங்கள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் நுழைந்து வெளிவருபவர்களுக்கு மாலையில் கால்வலிதான் மிஞ்சும். நாம் அத்தனை தொலைவு செலவழித்துப் போகிறவர்கள் என்பதால், விட்டுவிட மனம் வராது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் இரண்டு கூடங்களைத் தேர்ந்தெடுத்து அவற்றிலேயே நின்று பாருங்கள்.

என் தேர்வில் முதலாவது செப்புத்திருமேனிக் கூடம். அங்குள்ள திருவாலங்காட்டு நடராசரைப் பற்றிப் பிரெஞ்சுச் சிற்பி ரோதான் எழுதிய கட்டுரை அவர் மறைந்தபின் 1921-இல் வெளியானது. அவர் அத்திருமேனியை நேரில் கண்டதில்லை. சென்னையிலிருந்து சென்ற புகைப்படங்களைப் பார்த்தே எழுதினார். அவருக்குக் கிட்டாத பேறு நமக்குச் சில ரூபாய் நுழைவுச்சீட்டில் கிடைக்கிறது என்னும்போது, நான்கு புறமும் சுற்றி வந்து பார்க்காமல் நகர்வது எப்படி? திருவெண்காட்டு அர்த்தநாரியையும் முன்னும் பின்னுமாகப் பாருங்கள். தோளின் சரிவிலும் இடையின் வளைவிலும் ஒருபுறம் ஆணாகவும் மறுபுறம் பெண்ணாகவும் உடல் மாறுவது படத்தில் முழுமையாகப் பிடிபடாது.

இரண்டாவது, தொல்லியலும் மானிடவியலும். நீலகிரி மக்கள் இதைத் தவறவிடுவது எனக்குப் பெருங்குறை. நம் மலைமுகடுகளில் உள்ள கல்வட்டங்களை, அதாவது பழங்கால ஈமச்சின்னங்களை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் தோண்டியெடுத்தபோது கிடைத்த மட்கலங்கள் சென்னையிலும் லண்டனிலும் இருக்கின்றன. எருமை முதலிய விலங்குகளின் உருவத்தைக் குமிழாக வைத்துச் செய்த மண்மூடிகள் இவற்றுள் சிறப்பானவை. தென்தமிழகத்தின் ஆதிச்சநல்லூரில் தொல்லியலாளர் அலெக்ஸாண்டர் ரீ அகழ்ந்தெடுத்த வெண்கலக் கலங்களிலும் விலங்கு, பறவை உருவங்கள் உண்டு. இரண்டையும் மனத்தில் அருகருகே வைத்துப் பார்த்தால் கேள்விகள் தாமாகவே எழும். நம் கல்வட்டங்களைத் தோண்டியவர்களுள் ஒருவர் நீலகிரியின் முதல் ஆணையர் பிரீக்ஸ். உதகையில் பள்ளியின் பெயராக மட்டுமே பலரும் அறிந்த அவருடைய நூல், அவர் இறந்த மறு ஆண்டான 1873-இல் வெளிவந்தது. லண்டனுக்குப் போன பொருள்களைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் இணையத் தொகுப்பில் கட்டணமின்றிக் காணலாம்.

புறப்படுவதற்கு முன் ஒரு நாள், உதகையை அடுத்த முத்தோரைப் பாலாடாவில் உள்ள பழங்குடியினர் ஆய்வு மையத்தின் அருங்காட்சியகத்துக்குப் போய்வாருங்கள். தோடர், கோத்தர், குறும்பர், இருளர் பொருள்களை இங்கே பார்த்தவர்களுக்கு எழும்பூரின் மானிடவியல் கூடம் அந்நியமாக இராது.

கேள்வி: கைப்பேசியில் எல்லாவற்றையும் படமெடுத்துக்கொண்டு வந்து வீட்டில் நிதானமாகப் பார்க்கலாமா?
– மாணவர், கூடலூர்

பதில்: புகைப்படம் எடுக்கத் தனிக் கட்டணம் உண்டு. நால்வராகச் செல்வதானால் ஒருவர் மட்டும் கட்டலாம். மற்றவர்கள் பென்சிலும் குறிப்பேடும் எடுத்துச் செல்லட்டும். கோணல்மாணலாகவேனும் ஒரு சிலையின் கையை வரைந்தவர் அதைக் கால்மணி நேரமாவது பார்த்திருப்பார்.

கேள்வி: எங்கள் துறையில் தில்லி அல்லது கொல்கத்தாவுக்குக் கல்விச் சுற்றுலா திட்டமிடுகிறோம். செலவைக் குறைக்க வழி உண்டா?
– மாணவர், உதகை

பதில்: கல்விச் சுற்றுலா செல்லும் மாணவர்களுக்கு ரயில்வே சலுகைக் கட்டணம் தருகிறது; ஸ்லீப்பர் வகுப்பில் பொதுவாகப் பாதியும், பட்டியலினத்தவர், பழங்குடியினர் ஆகியோருக்கு முக்கால் பங்கும் குறையும். இதற்குக் கல்லூரி முதல்வர் கையொப்பமிட்ட சலுகைப் படிவம் வேண்டும். இச்சீட்டை இணையத்தில் பெற முடியாது. முன்பதிவு மையத்தின் கவுன்டரில்தான் எடுக்க வேண்டும். ஆகவே படிவ வேலையை முதலில் முடியுங்கள். பயணத் தேதியை அதற்குப் பின் பேசிக்கொள்ளலாம்.

கொல்கத்தாவின் இந்திய அருங்காட்சியகமும் தில்லியின் தேசிய அருங்காட்சியகமும் திங்கட்கிழமை திறப்பதில்லை. முன்னது 1814-இல் தோன்றியது, நாட்டிலேயே பழமையானது. பார்குத் என்ற ஊரிலிருந்த பழைய பௌத்த ஸ்தூபியின் கல்வேலி அங்கே இருக்கிறது. தில்லியில் சிந்துவெளி நகரமான மொகஞ்சதாரோவில் கிடைத்த ‘நடனப் பெண்’ வெண்கலச் சிலையைத் தேடும்போது கண்ணைச் சற்றுக் கூர்மையாக்கிக்கொள்ளுங்கள். பாடநூல் படத்தை நம்பி ஆளுயரச் சிலையை எதிர்பார்த்துப் போகிறவர்கள் அதைக் கடந்து போய்விடுகிறார்கள். அதன் உயரம் பத்தரை சென்டிமீட்டர்தான்.