25 ஹெச்பி டிராக்டருக்கு 6 அடி ஃபினிஷ் மோவர் சரிவருமா?

நீங்கள் சொல்வது 5 ஏக்கர், இடுப்பளவு புல், இடையிடையே கட்டைவிரல் பருமனில் புதர்த்தண்டு. அப்படியென்றால் ஃபினிஷ் மோவரை மறந்துவிடுங்கள். அது ஒழுங்காக வெட்டிப் பழகிய புல்தரைக்கு. இங்கே அடைத்துக்கொண்டு பெல்ட்டைத்தான் தின்னும். உங்களுக்கு உயரமான புல்லையும் புதரையும் வெட்டும் ரோட்டரி கட்டர்தான்.

எஞ்சின் 25 ஹெச்பி என்றால் பிடிஓ-வில் (டிராக்டரின் பின்னால் கருவிகளைச் சுழற்றும் தண்டு) கிடைப்பது சுமார் 20. கட்டரின் அகலத்தில் அடிக்கு 5 ஹெச்பி வீதம் 4 அடி. இலகு ரக 5 அடியும் புல்லை வெட்டும், புதரில் திணறும். ஆனால் பின்சக்கரங்களின் வெளி அகலத்தை அளந்துகொள்ளுங்கள். கட்டர் அதைவிடக் குறுகலானால் சக்கரம் மிதித்த புல் அப்படியே படுத்துக் கிடக்கும்.

ஸ்லிப் கிளட்ச் (கத்தி எதிலாவது மோதினால் தட்டுகள் வழுக்கி அதிர்ச்சியைத் தாங்கும் அமைப்பு) வைத்த கட்டராகப் பாருங்கள். மாதக்கணக்கில் நின்றால் தட்டுகள் துருப்பிடித்து ஒட்டிவிடும், பிறகு கல்லில் மோதினால் போவது கியர்பாக்ஸ். சீசனுக்கு முன் ஸ்பிரிங் நட்டுகளைத் தளர்த்தி, பிடிஓ-வை இரண்டு மூன்று நொடி ஓட்டி வழுக்கவிட்டு, பழைய அளவுக்கே இறுக்குங்கள்.

பலர் கோட்டைவிடுவது, பிடிஓ-வையும் கட்டரையும் இணைக்கும், ஒன்றுக்குள் ஒன்று நகரும் இரு குழாய்களாலான ஷாஃப்டின் நீளத்தில். கட்டரை முழுக்க ஏற்றி இறக்கிப் பாருங்கள். எந்த நிலையிலும் உள்குழாய் முட்டக்கூடாது. முட்டினால் உள்குழாய், வெளிக்குழாய் இரண்டையும் ஒரே அளவு அறுத்து, பிசிறு நீக்கி, கிரீஸ் தடவுங்கள்.

கட்டரைத் தூக்கும்போது முன்சக்கரம் லேசானால் முன்னால் எடை மாட்டுங்கள்.