பிலிப்பைன்ஸ் புயல் நிவாரணம்: சாமானா, பணமா, யார் கையில் கொடுப்பது?

வாசகர் கேள்வி: சிங்கப்பூர் துவாஸில் ஒரு பட்டறையில் வேலை செய்கிறோம். எங்களோடு வேலை பார்க்கும் பிலிப்பினோக்கள் ஏழு பேருக்கு செபுவிலும் லெய்த்தேயிலும் வீடு. டினோ புயலில் எல்லார் குடும்பத்துக்கும் அடி. நாங்கள் 4,000 வெள்ளியும் (சிங்கப்பூர் டாலர்) நாற்பது பெட்டி சாமானும் சேர்த்திருக்கிறோம்: பழைய துணி, மாத்திரை மருந்து, குழந்தைப் பால்பவுடர், நூடுல்ஸ். அரசாங்கத்திடம் கொடுத்தால் தின்றுவிடுவார்கள் என்கிறார் ஒருவர். அரசாங்கத்தை விட்டால் கடைசி கிராமம்வரை போக வேறு யாருக்கு ஆள்பலம் இருக்கிறது என்கிறார் இன்னொருவர். வாட்ஸ்அப் குழுவில் தினமும் சண்டை. என்ன செய்வது?

பதில்: முதலில் பெட்டிகளைப் பார்ப்போம். நாற்பதில் பெரும்பாலானவை சிங்கப்பூரை விட்டுக் கிளம்பவே கூடாதவை.

பழைய துணியை வியாபாரத்துக்காக இறக்குமதி செய்வதை பிலிப்பைன்ஸ் 1966-லேயே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. அப்படியும் அது ‘உக்காய்-உக்காய்’ என்ற பெயரில் ஊர் ஊராக விற்கிறது. அங்கே துணிக்குப் பஞ்சமில்லை என்பதற்கு அதுவே சாட்சி. உங்களுடையது வியாபாரம் இல்லைதான், ஆனால் சுங்கத்தில் அதை நிரூபிக்கும் பாடு உங்கள் தலையில்தான் விழும். 2016-ன் சுங்கச் சட்டம் நிவாரணச் சரக்குக்கு வரிவிலக்கு தருகிறது. அதற்குப் பேரிடர் நிலை அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும், சரக்கும் அரசுத் துறை அல்லது அங்கீகாரம் பெற்ற அமைப்பின் பெயருக்குப் போக வேண்டும். தனி ஆள் பெயரில் நாற்பது பெட்டி போய் இறங்கினால் அதை யாரும் நிவாரணம் என்று பார்க்க மாட்டார்கள்.

பால்பவுடர் இன்னும் மோசம். தாய்ப்பால் மாற்று உணவுகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் அங்கே 1986 முதல் இருக்கிறது. சுத்தமான தண்ணீரும் கொதிக்கவைக்க எரிபொருளும் இல்லாத முகாமில் புட்டிப்பால் கொடுத்தால் குழந்தைக்கு வயிற்றுப்போக்குதான் மிஞ்சும். அதனால்தான் 2013 பெரும்புயலுக்குப் பிறகு பால்பவுடர் நன்கொடை வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். மருந்துக்கு உலக சுகாதார நிறுவனத்தின் விதி: போய்ச் சேரும்போது காலாவதிக்குக் குறைந்தது ஒரு வருடம் பாக்கி இருக்க வேண்டும், யாரோ பாதி சாப்பிட்டு மீந்த மாத்திரை கூடவே கூடாது. வெள்ளத்துக்குப் பின் வரும் எலிக்காய்ச்சலுக்கு டாக்ஸிசைக்ளினை உள்ளூர் சுகாதார நிலையமே கொடுக்கும். நூடுல்ஸ் அந்த ஊர்க் கடையிலேயே கிடைக்கிற சாமான். அதைக் கப்பலேற்றுவது திருநெல்வேலிக்கே அல்வா அனுப்புவதுபோல.

ஒரே ஒரு வழி திறந்திருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் பிலிப்பினோ தன் குடும்பத்துக்கு அனுப்பும் ‘பாலிக்பாயான்’ பெட்டிக்கு 150,000 பெசோ மதிப்புவரை, வருடத்துக்கு மூன்று முறைவரை வரி கிடையாது. அந்த ஏழு பேரும் அவரவர் பெயரில் தார்பாய், சோலார் விளக்கு, ரப்பர் பூட்ஸ், கை ரம்பம் ஆகியவற்றை அனுப்பலாம். ஒரே பொருளை டஜன் கணக்கில் அடுக்கினால் வணிகச் சரக்கு என்று நிறுத்திவிடுவார்கள். கடல் வழியில் வாரக்கணக்கில் ஆகும் என்பதால் முதல் மாதத்துப் பசிக்கு இதை நம்பக் கூடாது.

இனி உங்கள் சண்டை. இரண்டு பேருமே பாதி சரி. இது அந்த நாட்டில் 2013-லிருந்து ஓயாமல் நடக்கும் சண்டைதான், அதன் மூலத்தைத் தெரிந்துகொண்டால் உங்கள் 4,000 வெள்ளி எங்கே போக வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

2013 நவம்பர் 8 விடியற்காலையில் ஹையான் புயல் (அங்கே யோலாண்டா என்பார்கள், உள்ளே வரும் புயலுக்கெல்லாம் அவர்கள் தனியாகப் பெயர் வைத்துக்கொள்கிறார்கள்) கிழக்கு சமாரில் கரையேறியது. அரசுக் கணக்கில் 6,300 பேர் இறந்தார்கள். லெய்த்தேயின் தக்லோபான் நகரத்தில் கடல் ஐந்து, ஆறு மீட்டர் உயரத்துக்கு உள்ளே வந்தது. 2010-ன் பேரிடர் சட்டப்படி முதலில் களமிறங்க வேண்டியது நகராட்சி. அதற்காகவே தன் வருவாயில் குறைந்தது 5 சதவீதத்தை அது பேரிடர் நிதியாக ஒதுக்க வேண்டும், அதில் 30 சதவீதம் உடனடிச் செலவுக்கு. சட்டம் சரிதான். ஆனால் களமிறங்க வேண்டிய நகராட்சி ஊழியரும் போலீஸ்காரரும் அன்று தங்கள் பிள்ளைகளின் உடலைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நகராட்சியே மூழ்கினால் அடுத்த மணி நேரத்தில் பொறுப்பு யாருக்கு என்ற கேள்விக்கு நடைமுறையில் விடை இல்லை. உள்துறைச் செயலர் மார் ரோஹாஸ், மேயர் ஆல்ஃபிரெட் ரொமுவால்டெஸிடம், நீங்கள் ரொமுவால்டெஸ், அதிபர் அக்கினோ என்பதை மறந்துவிடக் கூடாது என்ற தொனியில் பேசிய காணொளி வெளியே வந்தது. ரொமுவால்டெஸ், பழைய சர்வாதிகாரி மார்கோஸின் மனைவி இமெல்டாவின் குடும்பம்; அக்கினோ குடும்பம் அந்த மார்கோஸை எதிர்த்த குடும்பம். இரண்டு குடும்பங்களின் பழைய பகை அந்த நாட்டில் குழந்தைக்கும் தெரியும். நிவாரணம் தாமதமானதற்கு அதுதான் காரணம் என்று மக்கள் முடிவு கட்டினார்கள்.

பகை ஒரு பக்கம் இருக்கட்டும். தாமதத்தின் பெரும்பகுதி சாலையிலும் படகுத்துறையிலும் நடந்தது. தக்லோபான் விமான நிலையம் சிதைந்து கிடந்தது. மணிலாவிலிருந்து தரைவழியே வரும் லாரி லூசோன் தீவின் தென்முனையான மாட்னோக்கில் படகேறி, சமார் தீவின் ஆலனில் இறங்கி, சான் ஹுவானிகோ பாலம் கடந்து லெய்த்தேக்குள் வர வேண்டியிருந்தது. அந்தப் படகுத்துறையில் லாரிகள் நாள்கணக்கில் வரிசையில் நின்றன. மூட்டையாக வந்த அரிசியைக் குடும்பப் பொட்டலமாகப் பிரித்துக் கட்ட ஆளில்லை. லெய்த்தேயின் அலங்காலங்கில் அரசு அரிசிக் கிடங்கைப் பசித்த கூட்டம் உடைத்தபோது சுவர் சரிந்து எட்டுப் பேர் செத்தார்கள். சில கிலோமீட்டர் தள்ளிப் பட்டினி, இங்கே கிடங்கு நிறைய அரிசி. பிற்பாடு அரசின் தணிக்கை ஆணையமே, கெட்டுப்போய் வீணான உணவுப் பொட்டலங்களைக் கணக்கெடுத்து அறிக்கை தந்தது.

இந்தப் பாடத்தில் ஒரு பகுதியை அரசு கற்றுக்கொண்டது. சமூக நலத் துறை இப்போது பொட்டலங்களை முன்கூட்டியே கட்டி வட்டாரக் கிடங்குகளில் வைக்கிறது. ஒரு குடும்பப் பெட்டியில் 6 கிலோ அரிசி, மீன் மற்றும் இறைச்சி டின்கள், காபி, தானிய பானப் பொடி இருக்கும். ஐந்து பேருக்கு இரண்டு, மூன்று நாள் என்பது கணக்கு. மூன்று நாளுக்கு நீட்டினால் ஆளுக்குத் தினம் 400 கிராம் அரிசி, சுமார் 1,400 கலோரி. நிவாரணத்தில் உலகம் முழுதும் வைத்துக்கொள்ளும் அளவு 2,100. டின்கள் கொஞ்சம் ஈடுகட்டும். நான்காம் நாள் அடுத்த பெட்டி வராவிட்டால்தான் சிக்கல், அது வருமா என்பது பரங்கை எழுதும் பட்டியலைப் பொறுத்தது. பரங்கை என்பது நம் ஊராட்சிபோல அங்கே கடைசி நிர்வாக அலகு. ஒரே கூரையின்கீழ் இரண்டு, மூன்று குடும்பம் இருந்தால் பட்டியலில் ஒன்றாகப் போய்விடும். வாடகைக்கு இருப்பவர், ஆற்றோரம் பட்டா இல்லாமல் குடிசை போட்டவர் விடுபடுவார்கள். யோலாண்டாவுக்குப் பிறகு முழுதும் இடிந்த வீட்டுக்கு 30,000 பெசோ, பாதி சேதத்துக்கு 10,000 என்று அரசு அறிவித்தபோது, கடலோர ஆபத்துப் பகுதிக்காரர்களை ஒதுக்கியது பெரிய போராட்டமானது. இழப்பு அதிகம் அவர்களுக்குத்தான்.

சாப்பிட்டுவிடுவார்கள் என்ற உங்கள் நண்பரின் பேச்சுக்கு வேறொரு மூலம் இருக்கிறது. 2025 ஜூலையில் அதிபர் மார்கோஸ் தன் நாடாளுமன்ற உரையிலேயே வெள்ளத் தடுப்புப் பணிகளின் ஊழலைப் போட்டு உடைத்தார். 2022-லிருந்து சுமார் 545 பில்லியன் பெசோ செலவான பணிகள் விசாரணைக்கு வந்தன, செப்டம்பர் 21 அன்று மணிலா வீதிகள் நிறைந்தன. நவம்பர் 4-ல் டினோ வந்து செபுவின் ஆற்றங்கரைக் குடியிருப்புகளை மூழ்கடித்தது. செப்டம்பர் 30 நிலநடுக்கத்தில் வீடு இழந்து கூடாரத்தில் இருந்தவர்கள் மேல் இந்தப் புயல். ஆத்திரம் நியாயமானது. ஆனால் அந்தப் பணம் பொதுப்பணித் துறையின் சுவரிலும் சிமெண்டிலும் போன பணம். அரிசிப் பெட்டி சமூக நலத் துறையின் பை, பேரிடர் நிதி நகராட்சியின் பை. மூன்றையும் ஒன்றாகக் குழப்பினால் கிடைக்க வேண்டிய அரிசிப் பெட்டியையும் கேட்காமல் விட்டுவிடுவோம். நிவாரணப் பையில் தலைவர் படம் ஒட்டும் வழக்கம் அங்கேயும் உண்டு, ‘எபால்’ என்று கேலி செய்வார்கள். 2015 சென்னை வெள்ளத்தின் ஸ்டிக்கர் சர்ச்சை நினைவிருந்தால் உங்களுக்கு விளக்கவே வேண்டாம்.

ஆக, அரிசி அரசின் பாடு. உங்கள் பணம் பட்டியலில் விழுந்த ஓட்டையை அடைக்கட்டும்.

ஒரு வெள்ளிக்குச் சுமார் 45 பெசோ என்றால் உங்கள் கையில் 180,000 பெசோ. ஏழு நண்பர்களும் தங்கள் பரங்கையில் ஆளுக்கு ஐந்து வீடு தேர்ந்தெடுக்கட்டும். முப்பத்தைந்து குடும்பத்துக்குத் தலா 5,000 பெசோ, மொத்தம் 175,000, மீதி அனுப்பும் கட்டணத்துக்கு. யாரைத் தேர்ந்தெடுப்பது? பட்டியலில் விடுபட்ட வாடகைக் குடும்பம், சம்பாதிப்பவரை இழந்த வீடு, தனியே இருக்கும் முதியவர். சொந்தக்காரர் என்பது மட்டும் தகுதியாக இருக்கக் கூடாது, அதை முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள்.

பணம் எப்போது உதவும்? கடை திறந்த பிறகு. அதற்கு முன் கையில் நோட்டு இருந்தும் வாங்க ஒன்றும் இராது. அனுப்பும் முன் தொலைபேசியில் மூன்று விஷயம் கேளுங்கள்: அரிசிக்கடை திறந்திருக்கிறதா, கிலோ என்ன விலை, அடகுக்கடை பணம் தருகிறதா. அங்கே அடகுக்கடைகள்தான் ஏழையின் வங்கி. செபுவானா, பலவான் என்ற பெயர்களில் மூலைக்கு ஒன்று. ஜி-கேஷ் போன்ற கைப்பேசிப் பணம் வேகமானது, மின்சாரமும் டவரும் போனால் வெறும் எண். அடகுக்கடையில் அடையாள அட்டை கேட்பார்கள், வெள்ளத்தில் அது போயிருக்கும். அட்டை கையில் உள்ள, செபு நகரத்தில் இருக்கும் ஒரு உறவினர் பெயருக்கு அனுப்பி, அவர் கொண்டுபோய்க் கொடுப்பதே பிழையில்லாத வழி. பெயரின் ஒரு எழுத்து அட்டையோடு ஒத்துப்போகாவிட்டாலும் பணம் நிற்கும். கொடுக்கும்போது பக்கத்து வீட்டார் ஒருவர் சாட்சியாக இருக்கட்டும், ஒரு தாளில் கையெழுத்தும் தொகையும். பணம் வாங்குபவரின் முகத்தைப் படமெடுத்துப் பரப்ப வேண்டாம், தாளின் படம் போதும்.

பணமாகக் கொடுத்தால் வீணடிப்பார்கள் என்று குழுவில் யாராவது சொல்வார்கள். 2013-ல் தைவானின் ட்ஸு சீ அமைப்பு தக்லோபான்காரர்களுக்கே நாளுக்கு 500 பெசோ கூலி கொடுத்து அவர்கள் தெருவை அவர்களே சுத்தம் செய்யவைத்தது. குப்பை போனது, கையில் காசு புரண்டது, கடைகள் திறந்தன. பேரிடர் நிலை அறிவித்த இடத்தில் அரிசி, டின் மீன் போன்றவற்றின் விலை 60 நாளுக்கும், சமையல் எரிவாயு, மண்ணெண்ணெய் விலை 15 நாளுக்கும் உறைந்திருக்க வேண்டும். கடைக்காரர் ஏற்றினால் வர்த்தகத் துறையிடம் புகார் செய்யலாம், ரசீதோ விலைச்சீட்டின் படமோ இருந்தால் போதும்.

கூரைக்குத் தகரம் வாங்குபவரிடம் ஒன்று சொல்லச் சொல்லுங்கள். மலிவான மெல்லிய தகடு வேண்டாம், 26 கேஜ் வாங்கட்டும். கேஜ் எண் கூடக்கூடத் தகடு மெலிசு, பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். காற்று ஓரத்தில் நுழைந்து தூக்கும்போது ஆணி மரத்திலேயே நிற்கும், மெல்லிய தகடு ஆணித்தலையைச் சுற்றிக் கிழிந்து பறந்துவிடும். அதனால் குடை ஆணியை நடுவில் இடம்விட்டு அடித்தாலும் கூரை ஓரத்திலும் முகட்டிலும் நெருக்கி அடிக்க வேண்டும். கைமரத்தைச் சுவர்ச் சட்டத்தோடு இரும்புப் பட்டையால் கட்டாவிட்டால் தகடு கெட்டியாக இருந்தும் பயனில்லை, கூரை மொத்தமாகக் கிளம்பும்.

லெய்த்தே நண்பர்கள் வீட்டில் தென்னை விழுந்திருந்தால் அதை அப்படியே போட்டுவைக்கக் கூடாது. அழுகும் மரத்தில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டு, தப்பி நிற்கும் மரத்தையும் தின்னும். கஜாவுக்குப் பிறகு பேராவூரணி விவசாயிகள் பட்ட கவலைதான் இது. அறுத்துப் பலகையாக்கினால் வீட்டுக்கே உதவும். சங்கிலி ரம்பத்துக்கு 2002-ன் சட்டப்படி அனுமதி தேவை, எனவே அனுமதியுள்ள ஆளைக் கூப்பிட வேண்டும்.

சிங்கப்பூர்ப் பக்கத்தில் ஒரு எச்சரிக்கை. பட்டறைத் தோழர்களுக்குள் சேர்த்த பணம் வேறு, பொதுமக்களிடம் வெளிநாட்டு உதவிக்கென்று வசூலிப்பது வேறு. இரண்டாவதற்கு அறநிறுவன ஆணையரின் அனுமதி முன்கூட்டியே வேண்டும். முகநூலில் கணக்கு எண் போட்டு வசூலை விரிக்க நினைத்தால் அதோடு நிறுத்திக்கொண்டு, வருகிறவர்களைச் செஞ்சிலுவைச் சங்கத்தின் பக்கம் திருப்பிவிடுங்கள். பால்பவுடர் உறை பிரியாமல் இருந்தால் இங்கேயே தேவையுள்ள குடும்பங்களுக்குப் போகட்டும்.

அந்த ஏழு பேரிடம் இன்னொன்று கேளுங்கள்: பாக்-இபிக் (தொழிலாளர்களுக்கான பிலிப்பைன்ஸ் அரசின் சேமிப்பு நிதி) சேமிப்பு இருக்கிறதா? வெளிநாட்டில் வேலை செய்யும் பலர் அதில் உறுப்பினர். வீடு பேரிடர் பகுதியில் இருந்தால் சேமிப்பில் பெரும்பகுதிவரை, 5.95 சதவீத வட்டியில் பேரிடர்க் கடன் கிடைக்கும். பேரிடர் நிலை அறிவித்த நாளிலிருந்து 90 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், அதற்குள் ஊரில் வீட்டில் இருப்பவர் எடுத்த சேதப் படமும் பரங்கை தரும் சான்றும் கையில் இருப்பது நல்லது.